வாட்டமும் உயரமும்

அன்புள்ள ஐயா,

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். நிலைமின்னியல் கணக்கு என்றாலே கண் கலங்குகிறது. போன வாரத் தேர்வில் ஒரு கேள்வி: 10 செ.மீ. ஆரமுள்ள உலோகக் கோளக் கூடு, அதன்மேல் 2 நானோ கூலும் மின்னூட்டம். உள்ளே மின்புலம் எவ்வளவு, மின்னழுத்தம் எவ்வளவு? இரண்டுக்கும் பூஜ்யம் என்று எழுதி மதிப்பெண்ணைக் கோட்டைவிட்டாள். “உள்ளதான் ஒண்ணுமே இல்லையேம்மா” என்கிறாள். நான் காமர்ஸ் படித்தவள், எனக்கு என்ன தெரியும்? எந்த கைடு வாங்கலாம்? கோச்சிங்கில் சேர்க்கலாமா?

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

கைடு வேண்டாம், பாடப்புத்தகம் போதும். கோச்சிங் உங்கள் வசதி. உங்கள் மகளின் அந்த ஒரு வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவள் வயதில் நானும் அதே இரண்டு பூஜ்யங்களைப் போட்டவன். வாத்தியார் சிவப்பு மையில் அடித்துவிட்டு, “சூத்திரத்தை மனப்பாடம் பண்ணு” என்றார். பண்ணினேன். புரியவில்லை.

புரியவைத்தது அப்பா. அவர் கொத்தனார். அந்தக் கோடையில் ஒரு மொட்டை மாடியில் தட்டோடு பதித்துக்கொண்டிருந்தார், நான் சித்தாள். பதித்து முடித்ததும் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டுக் குத்தவைத்துப் பார்ப்பார். தண்ணீர் குழாய்ப் பக்கம் ஓடினால் வாட்டம் சரி. அன்று ஒரு மூலையில் தண்ணீர் அசையாமல் நின்றுவிட்டது. “இங்க வாட்டமே இல்லடா” என்றார். நான் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் கீழே பார்த்தேன். மணல் குவியல் ஒரு மாடி ஆழத்தில் கிடந்தது. வாட்டம் இல்லாத இடத்திலும் உயரம் அப்படியே இருந்தது.

மின்புலம் என்பது வாட்டம். மின்னழுத்தம் என்பது உயரம். வெகு தொலைவிலிருந்து ஒரு நேர் மின்னூட்டத்தை அந்தக் கூட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தால், அது வழியெல்லாம் எதிர்க்கும். மேட்டில் வண்டி தள்ளுவது மாதிரி. கூட்டின் மேற்பரப்பைத் தொடும்போது 180 வோல்ட் ஏறியிருப்போம். அந்த இடத்துக்குச் சற்று வெளியே வாட்டம் மீட்டருக்கு 1800 வோல்ட். உள்ளே நுழைந்ததும் எதிர்ப்பு நின்றுவிடுகிறது. அதன் பிறகு ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஏறிய 180 எங்கே போகும்? மையம் வரை அதே 180தான்.

1836-இல் ஆங்கில விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் 12 அடிக்கு 12 அடி ஒரு பெட்டி கட்டி, அதன் சுவர்களுக்கு வெளியே பொறி பறக்கும் அளவுக்கு மின்னேற்றம் செய்து, தானே உள்ளே போய் உட்கார்ந்தார். மெழுகுவர்த்தி, மின்னூட்டங்காட்டி எல்லாம் கையில். எதுவும் அசையவில்லை. அவர் தரையிலா இருந்தார்? பெரிய உயரத்தில், சமதளத்தில் இருந்தார். கொல்லர் மகன், புத்தகம் பைண்டிங் பண்ணும் இடத்தில் வேலை பழகியவர். கணிதத்தில் பயிற்சி இல்லாதவர் கோடுகளாகப் படம் போட்டுத்தான் இதையெல்லாம் கண்டார்.

இப்போது உங்களிடம் ஒரு கோபம். “காமர்ஸ் படித்தவள், எனக்கு என்ன தெரியும்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வருடமாக வரவும் செலவும் நடக்காத பாஸ்புக்கில் இருப்பு பூஜ்யமா? அந்தப் பிள்ளைக்கு இந்த உலகத்தில் யாரைவிடவும் தெளிவாக இதைச் சொல்லியிருக்கக்கூடியவர் நீங்கள். இயற்பியல் என்ற பெயரைக் கேட்டதும் தெரிந்ததையும் தூக்கிப் போட்டுவிட்டு கைடு தேடுகிறீர்கள். அம்மாவே பயந்தால் அவள் அழாமல் என்ன செய்வாள்? அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள், இன்றைக்கே.

அப்புறம் அவளுக்கு ஒரு கணக்கு. அதே கூடு, அதே 2 நானோ கூலும். மையத்தில் −2 நானோ கூலும் புள்ளி மின்னூட்டம் ஒன்றை வைக்கட்டும். இப்போது எல்லாம் தலைகீழ்: வெளியே வாட்டமில்லை, கூடும் தரை மட்டத்துக்கு இறங்கிவிட்டது, உள்ளே மட்டும் கிணறு மாதிரி சரிவு. மையத்திலிருந்து 5 செ.மீ.யில் மின்னழுத்தம் எவ்வளவு? −180 வோல்ட். விடையை நானே சொல்லிவிட்டேன், எனக்கு அது வேண்டாம். அந்தக் கிணற்றை அவள் எப்படி வரைகிறாள் என்று பார்க்க வேண்டும். தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள்.