மூச்சு முட்டும் பெல்லட் அடுப்பு: வாசகர் கேள்வி – பதில்

தென்னாப்பிரிக்காவில் குளிர் தொடங்கியதும், பெல்லட் (மரத்தூளை அழுத்திச் செய்த சின்ன உருளைகள்) எரிக்கும் கணப்படுப்பு பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன. பலருக்கும் உதவக்கூடியவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறோம். அதற்கு முன், அடுப்பு எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறோம். தொட்டியில் கொட்டிய பெல்லட்டை ஆகர் என்ற திருகு கொஞ்சம் கொஞ்சமாக எரிகிண்ணத்தில் தள்ளும். இக்னைட்டர் அதைப் பற்றவைக்கும். பின்னால் உள்ள ஃபேன் புகையை வெளியே இழுக்கும். அந்த இழுப்பில்தான் கிண்ணத்தின் அடித்துளைகள் வழியாகப் புதுக்காற்று ஏறி வரும். இன்னொரு ஃபேன் சூட்டை அறைக்குள் வீசும். "அடுப்பு கெட்டுப்போச்சு" என்று வருகிற புகார்களில் பெரும்பாலானவை கடைசியில் அந்தக் காற்றுப் பாதையில்தான் போய் நிற்கின்றன.

*லெனேசியா வாசகி: இரண்டு மணி நேரம் எரிந்தாலே கண்ணாடி கறுத்துவிடுகிறது. தீ செம்மஞ்சளாக, சோம்பலாக நீண்டு நிற்கிறது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் அண்ணன் வீட்டில் இதே மாடல், இதே பெல்லட், பளிச்சென்று எரிகிறது. எங்கள் அடுப்பில் குறையா?*

அடுப்பில் குறை இருக்க வாய்ப்பு குறைவு அம்மா. நீங்கள் இருக்கும் உயரத்தைப் பாருங்கள். லெனேசியா உள்ள ஜோஹன்னஸ்பர்க் வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. பீட்டர்மாரிட்ஸ்பர்க் அதில் பாதி உயரம்கூட இல்லை. ஃபேன் அதே வேகத்தில் சுற்றினாலும் உங்கள் அடுப்புக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் குறைவு. பெல்லட் மட்டும் அதே அளவில் விழுகிறது. எரியாமல் மிஞ்சும் கரிதான் கண்ணாடியில் படிகிறது. புகை ஃபேனின் வேகத்தைக் கூட்டியோ பெல்லட் விழும் அளவைக் குறைத்தோ இதைச் சரிசெய்ய வேண்டும். இது டெக்னீஷியனுக்கான மெனுவில் இருக்கும் வேலை. புகையை அளக்கும் கருவியோடு வந்து செய்யச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்து எண்களை மாற்ற விடாதீர்கள், நீங்களும் மாற்றாதீர்கள்.

ஆனால் அவரைக் கூப்பிடுவதற்கு முன் மூன்றைச் சோதித்துவிடுங்கள். அடுப்பு முழுக்க ஆறியபின் எரிகிண்ணத்தை வெளியே எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். எல்லாத் துளையும் தெரிய வேண்டும். அடைந்திருந்தால் கம்பியால் குத்தித் திறங்கள். திரும்ப வைக்கும்போது கிண்ணம் ஆடாமல் உட்கார வேண்டும். அடியில் ஒரு சாம்பல் துணுக்கு கிடந்தாலும் கிண்ணம் தூக்கிக்கொள்ளும், காற்று துளைவழி ஏறாமல் ஓரமாகத் தப்பிவிடும். அடுத்தது கதவு. ஒரு தாளை நடுவில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் கதவிடுக்கை அடைக்கும் கேஸ்கெட் கயிறு தேய்ந்துவிட்டது. சுற்றிலும் ஐந்தாறு இடங்களில் இப்படிப் பாருங்கள். மூன்றாவது, புகைக்குழாய் ஏறத் தொடங்கும் இடத்தில் டி வடிவ இணைப்பின் அடிமூடி. அதைக் கழற்றினால் கைப்பிடி கைப்பிடியாகச் சாம்பல் கொட்டுவதைப் பார்த்துப் பலர் அசந்துபோவார்கள். அப்படிக் கொட்டினால் உயரத்தின் மேல் பழி போட வேண்டியதில்லை.

*நியூகாசில் வாசகர்: அடுப்பு எரியும்போது லோட் ஷெட்டிங் (முறைவைத்து வரும் மின்வெட்டு) வந்தால் வீடு முழுக்கப் புகை. தாத்தா அந்த அறையில்தான் படுக்கிறார். என்ன செய்யலாம்?*

தாத்தா படுக்கும் அறை என்பதால் முதலில் ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் வாங்கி அங்கே மாட்டிவிடுங்கள், ஐயா. புகை கண்ணுக்குத் தெரியும், மூக்குக்கும் எட்டும். கார்பன் மோனாக்சைடு இரண்டுக்கும் தெரியாது, தூங்குகிறவரை எழுப்பாமலே மயக்கிவிடும். மற்ற எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கரண்ட் போனதும் ஆகர் நின்றுவிடும், புகை ஃபேனும் நின்றுவிடும். கிண்ணத்தில் மிஞ்சிய பெல்லட் மட்டும் காற்றில்லாமல் கனன்று புகையும். அந்தப் புகைக்கு மேலே போக வழி இருந்தால் குழாய் தானே இழுத்துக்கொள்ளும். பல வீடுகளில் சுவரில் துளை போட்டுக் குழாயைக் கிடையாக வெளியே விட்டு அதோடு முடித்துவிடுகிறார்கள். ஃபேன் சுற்றும்வரை அது போதும். நின்றுவிட்டால் புகை வந்த வழியே திரும்பும். சுவருக்கு வெளியே குழாயைக் குறைந்தது 2 மீட்டராவது நேர் மேலே ஏற்றுங்கள், கூரை விளிம்புக்கு மேலே போனால் இன்னும் நல்லது. கிடையாகப் போகும் பகுதியை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறையுங்கள். அதுவும் லேசாக மேல்நோக்கிச் சரிந்திருக்க வேண்டும். உங்கள் வீட்டுப் புகைக்கு நிலையான மருந்து இந்தக் குழாய் வேலைதான் என்பது எங்கள் கருத்து. இன்வெர்ட்டர் அதற்கு அடுத்தது.

இன்வெர்ட்டர் வாங்குவதென்றால் ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம்போலவே சீரான அலை தருவது) மட்டும் வாங்குங்கள். விலை குறைந்த மாடிஃபைட் வகையில் மோட்டார்கள் உறுமும், சூடேறும். மின் அலையைக் கணக்கிட்டே ஃபேன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டுகள் பல உண்டு. அவை குழம்பி ஃபேன் கன்னாபின்னாவென்று சுற்றும். தேவைப்படும் மின்சாரம் அதிகமில்லை. பற்றவைக்கும் 10 நிமிடம் மட்டும் 300 முதல் 400 வாட், பிறகு 100 வாட்டுக்குள். 12 வோல்ட் 100 ஆம்ப்-அவர் லெட் பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாமல் பயன்படுத்தினால், இழப்பெல்லாம் போக சுமார் 500 வாட்-மணி கையில் நிற்கும். நான்கு மணி நேர வெட்டைத் தாண்டிவிடலாம்.

இன்வெர்ட்டர் இல்லாதவர்கள், வெட்டு நேரம் முன்பே தெரிந்தால் 45 நிமிடத்துக்கு முன் பட்டனை அழுத்தி அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகும் ஃபேன் 15 முதல் 30 நிமிடம் ஓடித்தான் கிண்ணத்தை எரித்து முடித்துக் குளிர்விக்கும். பிளக்கைப் பிடுங்கி அணைப்பது லோட் ஷெட்டிங்கை நாமே வரவழைப்பதற்குச் சமம். சொல்லாமல் கரண்ட் போனால் ஜன்னலைத் திறங்கள், தாத்தாவை வேறு அறைக்கு அழைத்துப் போங்கள், அடுப்புக் கதவைத் திறக்காதீர்கள்.

கரண்ட் திரும்பியதும் அவசரப்பட்டு மறுபடி பற்றவைக்கப் போகாதீர்கள். கிண்ணத்தில் பாதி எரிந்த பெல்லட் குவிந்திருக்கும். அதன்மேல் புதிதாக விழுந்து, தீப்பிடிக்காமல் வெறும் புகையாக எரியறை நிறைந்து, பிறகு திடீரென்று பற்றினால் 'டப்' என்று வெடித்துக் கண்ணாடியே சிதறலாம். ஆறும்வரை காத்திருந்து கிண்ணத்தைக் காலி செய்யுங்கள். எடுத்த பெல்லட்டை இரும்பு வாளியில் போட்டு வெளியே வையுங்கள். தொட்டிக்குள் திரும்பக் கொட்டவே கூடாது, உள்ளே ஒரு கங்கு இருந்தால் தொட்டியே பற்றும். கரண்ட் திரும்பும் நொடியில் வோல்டேஜ் எகிறிப் போர்டு கருகுவது இந்த நாட்டில் சாதாரணம். ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர் அந்தச் செலவைத் தடுக்கும்.

*பீட்டர்மாரிட்ஸ்பர்க் நார்த்டேல் வாசகர்: இந்த வருடம் முதல் தடவை ஸ்டார்ட் செய்தபோதே எர்த் லீக்கேஜ் (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்துவிட்டது. மூன்று தடவை முயன்றும் அதேதான்.*

நான்காவது தடவை முயல வேண்டாம். பெரும்பாலும் இக்னைட்டர்தான் காரணம். உலோக உறைக்குள் கம்பியைச் சுற்றியிருக்கும் மின்காப்புப் பொடி ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் மழைக்காலம் முழுக்கச் சும்மா கிடந்தால் ஈரம் ஏறி, பூமிக்குக் கசிவு உண்டாகி டிபி போர்டில் (வீட்டு மின்பெட்டியில்) ட்ரிப் ஆகிவிடும். உறையில் கீறல் இருந்தாலும் இதே விளைவுதான். பிளக்கைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீஷியனை வைத்து இக்னைட்டரின் இரண்டு வயரையும் பிரித்துச் சோதியுங்கள். 230 வோல்ட்டுக்குச் செய்த 300 வாட் இக்னைட்டர் என்றால் மீட்டரில் 175 ஓம் அருகே காட்டும். முடிவிலி காட்டினால் கம்பி அறுந்துவிட்டது. ஓம் சரியாக இருந்தும் ஒரு வயருக்கும் உறைக்கும் இடையே தொடர்பு காட்டினால் காப்பு போய்விட்டது, மாற்றுங்கள். எர்த் லீக்கேஜைத் தாண்டி வயர் கொடுத்து ஓட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

புது இக்னைட்டர் நீண்ட நாள் உழைக்க வேண்டுமென்றால், ஸ்டார்ட் செய்யும் தடவைகளைக் குறையுங்கள். சூடு வந்ததும் அணைந்து, குளிர்ந்ததும் எரியும்படி வைப்பதைவிட, தீயைக் குறைத்துக் கூட்டும்படி தெர்மோஸ்டாட்டை வைப்பது அதற்கு நல்லது.

*லேடிஸ்மித் வாசகி: ஸ்டாங்கரில் இருக்கும் சொந்தக்காரர் கரும்புச் சக்கை பெல்லட் மலிவாகத் தருகிறேன் என்கிறார். குதிரைக்குக் கீழே போடும் மர பெல்லட்டும் இங்கே கிடைக்கிறது. போடலாமா?*

இரண்டும் வேண்டாம் அம்மா. வீட்டு அடுப்புக்கான ஈஎன்பிளஸ் ஏ1 என்ற ஐரோப்பிய பெல்லட் தரம் 0.7 சதவீதத்துக்கு மேல் சாம்பலையும், 10 சதவீதத்துக்கு மேல் ஈரத்தையும் அனுமதிக்காது. சக்கையில் சாம்பல் அதைப்போல் பல மடங்கு. அதில் பெரும்பகுதி சிலிக்கா. கிண்ணத்துச் சூட்டில் அது உருகிக் கண்ணாடிபோல் கிட்டம் கட்டும், துளைகளை அடைக்கும், சாம்பலை அள்ளியே ஓய்ந்துபோவீர்கள். சர்க்கரை ஆலையின் பெரிய பாய்லருக்கு அது சரி, கை அகலக் கிண்ணத்துக்குச் சரியாகாது. குதிரைப் படுக்கைக்குச் செய்தது ஈரம் பட்டதும் உடைய வேண்டுமென்றே செய்தது, ஆகரில் தூளாகிவிடும்.

வாங்குவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரில் நாலு பெல்லட்டைப் போடுங்கள். நல்லது உடனே மூழ்கும். மிதந்தால் சரியாக அழுத்தப்படாதது. மூட்டையின் அடியில் எவ்வளவு தூள் இருக்கிறது என்றும் பாருங்கள். நல்ல பெல்லட்டுக்கு அடையாளம்: 6 மில்லிமீட்டர் கனம், பளபளப்பான மேல்பக்கம், 4 சென்டிமீட்டருக்கு மேல் நீளமில்லாதது. பைன் மரமா யூகலிப்டஸ் மரமா என்பதைவிடப் பட்டையும் மண்ணும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

*லாடியம் வாசகர்: 15 கிலோ மூட்டை எவ்வளவு நேரம் வரும்?*

8 கிலோவாட் அடுப்பு முழு வேகத்தில் மணிக்கு 2 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எரிக்கும். எட்டு மணி நேரம். ஆகக் குறைந்த தீயில் ஒரு நாள்கூட வரும். ஆனால் மிச்சம் பிடிப்பதற்காக நாள் முழுக்கக் குறைந்த தீயிலேயே விடாதீர்கள். கரி படியும். தினமும் அரை மணி நேரமாவது நன்றாக எரியவிடுங்கள்.

*கோக்ஸ்டாட் வாசகி: சாம்பலைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடலாமா?*

ஒரு நாள் முழுக்க ஆறவைத்த பிறகு, கொஞ்சமாக. அது காரத்தன்மை உள்ளது. கூடிப்போனால் இலை மஞ்சளாகும். சலித்த மெல்லிய சாம்பல் புளியோடு சேர்ந்து குத்துவிளக்கைப் பளபளவென்று துலக்கும். கிட்டத்துண்டு கலந்திருந்தால் கீறிவிடும், பார்த்துக்கொள்ளுங்கள்.

*பெனோனி வாசகர்: குளிர் முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டு அடுத்த மே மாதம் சுத்தம் செய்தால் போதாதா?*

போதாது. செப்டம்பரிலேயே செய்துவிடுங்கள். சாம்பலும் கரியும் கோடை மழையின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு உள்ளிருந்தே இரும்பை அரிக்கும். தொட்டியில் விட்ட பெல்லட் ஊதித் தூளாகி ஆகரில் சிமெண்ட்போல் இறுகும். மே மாதம் மோட்டார் உறுமும், திருகு நகராது. ஆகவே கடைசி மூட்டையை எரித்தே தீருங்கள், தொட்டி காலியாகி அடுப்பு தானே நிற்கட்டும். பிளக்கைக் கழற்றுங்கள், கோடை இடியிலிருந்து போர்டையும் அது காப்பாற்றும். தொட்டியின் அடித்தூளைச் சாம்பல் வாக்குவத்தால் உறிஞ்சுங்கள். சாதாரண வாக்குவம் வேண்டாம், மெல்லிய சாம்பல் அதன் மோட்டாரைக் கெடுக்கும். சூடு மாற்றும் குழாய்களைச் சுரண்டுங்கள், எரியறையின் பக்கத் தகடுகளைக் கழற்றி அவற்றின் பின்னால் தேங்கியதை எடுங்கள். புகை ஃபேனைக் கழற்றி இறக்கைகளை மென்மையான பிரஷ்ஷால் துடையுங்கள். திரும்ப மாட்டும்போது அதன் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடுங்கள். குழாயை முழு நீளமும் பிரஷ் விட்டு இழுங்கள். புகை இழுப்பைக் கண்காணிக்கும் பிரஷர் சுவிட்ச்சுக்குப் போகும் சிலிக்கோன் டியூபைக் கழற்றி, அடுப்புப் பக்கத் துளையில் கரி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சின்னத் துளை அடைத்தால் எல்லாம் சரியாக இருந்தும் அடுப்பு அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும்.

வெளிக்குழாயின் வாயில் மைனா கூடு கட்டாமல் இருக்க ஒரு துணியைத் திணித்து வையுங்கள். "குழாயில் துணி இருக்கிறது" என்று பெரிய எழுத்தில் எழுதி, அடுப்பின் ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டிவிடுங்கள்.