'ராயிம் மில்லியன்' பற்றிக் கேளுங்கள்: கிர்கிஸ் சுங்கத்துறைக் கேள்வி பதில்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் ஆறு வருடம் சரக்கு கிளியரிங் வேலையில் இருந்தவன் நான். போன வாரம் ஊழல் புகாரில் சிக்கிய முன்னாள் சுங்க அதிகாரி ராயிம்பெக் மத்ரயிமோவ் பற்றி நாலு வரி எழுதப் போய் கேள்விகள் குவிந்துவிட்டன, அதனால் இன்று மொத்தமாக உட்கார்ந்திருக்கிறேன். சுங்கம், சந்தை, அந்த ஊர் அரசியல் இந்த மூன்றிலும் கேளுங்கள். மெடிக்கல் சீட் பற்றிக் கேட்காதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

திருப்பூர் பனியன்: யார் சார் இவர்? சுங்கத்துறையில் ஒரு துணைத்தலைவர்தானே, அதற்கு ஏன் இவ்வளவு அலப்பறை?

நல்ல கேள்வி, இங்கிருந்தே தொடங்கலாம். தெற்கே ஓஷ் மாகாணத்தில் காரா-சூ என்று ஓர் ஊர், உஸ்பெகிஸ்தான் எல்லையை ஒட்டியது, பெரிய சந்தை இருக்கிறது. மத்ரயிமோவ் குடும்பத்தின் கோட்டை அது. அண்ணன் இஸ்கெந்தர் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். ராயிம்பெக் சுங்கத்துறையில் படிப்படியாக மேலே வந்து 2015-ல் துணைத்தலைவர் ஆனார். தலைவர் நாற்காலியில் அவர் உட்காரவே இல்லை. ஆனால் ஊரே அவரை 'ராயிம் மில்லியன்' என்றுதான் சொல்லும். டாக்சிக்காரரிடம் சுங்கத்துறைத் தலைவர் பெயரைக் கேட்டால் யோசிப்பார், ராயிமைக் கேட்டால் சிரிப்பார்.

அந்த நாடு எதை வைத்துப் பிழைக்கிறது என்று பாருங்கள், துணைத்தலைவர் பதவியின் எடை புரியும். 1998-லேயே உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்ததால் அங்கே இறக்குமதி வரி குறைவாக இருந்தது. சீனச் சரக்கு தோருகார்ட், இர்கெஷ்டம் கணவாய்கள் வழியாக லாரியில் இறங்கும், பிஷ்கெக்கின் தோர்தோய் மொத்தச் சந்தையில் கைமாறும், அங்கிருந்து கஜகஸ்தான், ரஷ்யா, உஸ்பெகிஸ்தான் என்று போகும். தோர்தோய் என்றால் கடைத்தெரு என்று நினைக்காதீர்கள், முழுக்கக் கன்டெய்னர்கள். கீழ்க் கன்டெய்னர் கடை, அதன் தலைமேல் ஏற்றி வைத்த இன்னொரு கன்டெய்னர் கோடவுன், இரும்பு ஏணி வைத்து ஏறி மூட்டையை இறக்குவார்கள். மழை பெய்தால் தகரத்தில் விழும் சத்தத்தில் விலை பேச முடியாது, கால்குலேட்டரில் தட்டித்தான் காட்டுவோம்.

இதில் சுங்க அதிகாரியின் கை எங்கே? ஒரு லாரிக்குள் செருப்பு, துணி, சார்ஜர், பொம்மை என்று இருபது வகை இருக்கும். அதை எந்தப் பெயரில், எத்தனை கிலோவாக, என்ன மதிப்புக்கு எழுதுகிறார்கள் என்பதில்தான் காசு. நல்ல ஜாக்கெட்டை மலிவுத் துணி என்று எழுதிவிட்டால் முடிந்தது. சீனா தன் கணக்கில் கிர்கிஸ்தானுக்கு அனுப்பியதாகச் சொல்லும் தொகையையும், வந்து சேர்ந்ததாகக் கிர்கிஸ் கணக்கு சொல்லும் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பல ஆண்டுகளில் முதலாவது இரண்டாவதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கிறது. போக்குவரத்துச் செலவு, தேதி வித்தியாசம் என்று எதைக் கழித்தாலும் அந்த ஓட்டை அடைபடாது. 2015 ஆகஸ்டில் கிர்கிஸ்தான் ரஷ்யா முன்னின்று நடத்தும் யூரேசியப் பொருளாதார ஒன்றியத்தில் சேர்ந்து வரி ஏறியது. வரி ஏறினால் ஏய்ப்பில் வரும் லாபமும் ஏறும். ராயிம் துணைத்தலைவரானதும் அதே வருடம்தான்.

மழைக்காதலன்: 70 கோடி டாலர் திருடினாராமே?

இல்லை. இதை இன்று நான் பத்து தடவை சொல்லப்போகிறேன். 70 கோடி என்பது ராயிமின் பையில் விழுந்த தொகை அல்ல. ஐர்கென் சைமைதி என்று ஒருவர், சீன உய்குர் வம்சாவளி, பணத்தை நாட்டுக்கு வெளியே கடத்துவதே தொழில். தான் வெளியே அனுப்பியதாக அவர் பத்திரிகையாளர்களிடம் ஆவணங்களோடு சொன்ன தொகை அது. பெரும்பகுதி அப்துகாதிர் என்ற சரக்குப் போக்குவரத்துக் குடும்பத்தின் பணம் என்றார். அந்தக் குடும்பத்துக்குச் சுங்கத்தில் பாதுகாப்புக் கொடுத்தவர் ராயிம் என்பது குற்றச்சாட்டு. அவர் மறுத்தார். 2019 நவம்பர் 10 அன்று இஸ்தான்புல்லில் சைமைதியைச் சுட்டுக் கொன்றார்கள். அதே மாதம் அசாத்திக் வானொலி, கிளூப் செய்தித்தளம், ஊழலை விசாரிக்கும் பன்னாட்டுப் பத்திரிகையாளர் அமைப்பான ஓ.சி.சி.ஆர்.பி. மூன்றும் சேர்ந்து விசாரணையை வெளியிட்டன, பிஷ்கெக்கில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள்.

கனவு டாக்டர்: அண்ணா, பிஷ்கெக்கில் எம்.பி.பி.எஸ். நல்லதா? நீட் மார்க் குறைவு.

தம்பி, தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிகளை நீங்களே உட்கார்ந்து படியுங்கள், ஏஜென்ட் வாயைப் பார்க்காதீர்கள். நான் மூட்டை தூக்கினவன்.

தூத்துக்குடி உப்பு: பத்திரிகையில் வந்ததும் விழுந்துவிட்டாரா?

அதுதான் இல்லை, இந்த விவகாரத்தில் எனக்குப் பிடித்த இடமே இது. பதவி ஏற்கெனவே 2017 கடைசியில் போய்விட்டது. அந்த வருட அதிபர் தேர்தலில் ஜீன்பெகோவ் ஜெயிக்க ராயிமின் பணம் உதவியது என்று ஊரில் பேச்சு, ஜெயித்த கையோடு பதவி பறிப்பு. ஆனால் பதவி போனாலும் பிடி போகவில்லை. விசாரணைக் கட்டுரை வந்த பிறகு குடும்பம் பத்திரிகைகள் மேல்தான் வழக்குப் போட்டது. 2020 அக்டோபர் 4 நாடாளுமன்றத் தேர்தலில் அவர்களோடு சேர்த்துப் பேசப்பட்ட 'மெகெனிம் கிர்கிஸ்தான்' கட்சி நாலில் ஒரு பங்கு வாக்கு வாங்கியது. ஓட்டுக்குக் காசு என்று கொந்தளிப்பு, மறுநாள் இரவே கூட்டம் அதிபர் மாளிகைக்குள் புகுந்தது, முடிவு ரத்து, அக்டோபர் 15-ல் ஜீன்பெகோவ் ராஜினாமா. சிறையிலிருந்து கூட்டம் விடுவித்த அரசியல்வாதி சதிர் ஜபாரோவ் சில நாளில் நாட்டின் பொறுப்பில். அக்டோபர் 20-ல் ராயிம் கைது. டிசம்பரில் அமெரிக்காவும் ஊழல், மனித உரிமை மீறல் செய்பவர்களுக்கான மாக்னிட்ஸ்கி தடைப் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

மழைக்காதலன்: அப்போ 70 கோடிக்கு எத்தனை வருஷம் உள்ளே போனார்?

மேலே படியுங்கள். 70 கோடி அவருடையது அல்ல. சிறைத் தண்டனையும் இல்லை: கைதான அன்றே வீட்டுக்காவல். 200 கோடி சோம் (கிர்கிஸ் நாணயம்), அன்றைய மதிப்பில் சுமார் 2.4 கோடி டாலர், அரசுக்குக் கட்டுகிறேன் என்றார், ரொக்கமும் கட்டடங்களுமாகக் கொடுத்தார். 2021 பிப்ரவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், நீதிமன்றம் போட்ட அபராதம் 2,60,000 சோம். டாலரில் சுமார் 3,000.

சட்டப்புலி: இது அநியாயம். கோழி திருடினவன் உள்ளே, இவர் வீட்டில்.
வட்டிக்கடை: எதற்கு அநியாயம்? ஜெயிலில் போட்டு சோறு போட்டால் அரசுக்கு என்ன வரும்? 200 கோடி வந்ததே!
சட்டப்புலி: வந்தது 200 கோடி. போனது எவ்வளவு என்று யார் எண்ணினார்கள்?

இரண்டு பேரும் அரை மணி நேரமாக அடித்துக்கொள்கிறீர்கள், மற்றவர்களின் கேள்வி கீழே போய்விட்டது. சரி, நானும் குதிக்கிறேன். வட்டிக்கடை ஐயா சொல்வதுதான் ஜபாரோவ் தரப்பு வாதம்: கறுப்புப் பணத்தைத் தானாகக் கொடுத்தால் மன்னிப்பு, கஜானா காலி, பழிவாங்கி என்ன பயன். 2020-ல் கஜானா உண்மையிலேயே காலிதான், கொரோனா காலம். ஆனால் நான் சட்டப்புலி பக்கம். காரணம் நியாயம் தர்மம் எல்லாம் இல்லை, தொழில் காரணம். கிளியரிங் மேசையில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும், மாட்டினால் கட்ட வேண்டிய தொகை முன்கூட்டியே தெரிந்துவிட்டால் அதையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்வான், லாரி வாடகை மாதிரி. அப்புறம் அந்த 200 கோடி எந்தக் கணக்கில் வந்தது? எத்தனை லாரி, எந்தச் சரக்கு, கூட யார் யார் கையெழுத்து, எதுவும் வெளியே வரவில்லை. பேரம் பேசி முடித்தார்கள். வட்டிக்கடை ஐயா, கடன்காரர் சொல்லும் தொகையை அப்படியே வாங்கிக்கொண்டு பத்திரத்தைக் கிழிப்பீர்களா?

வட்டிக்கடை: கிழிக்க மாட்டேன். ஆனால் வராத கடனுக்கு வந்தவரை லாபம்.

சரி விடுங்கள்.

இரவுக்குருவி: என் தங்கைக்கு ஓஷில் மெடிக்கல் சீட் கிடைத்திருக்கிறது, பாதுகாப்பா?

இரண்டாவது ஆள். 2024 மே மாதம் பிஷ்கெக்கில் வெளிநாட்டு மாணவர் விடுதிகளைக் கும்பல் தாக்கியது, அதைப் பற்றித் தேடிப் படியுங்கள், அங்கே இப்போது படிக்கும் பிள்ளைகளிடம் பேசுங்கள். என்னிடம் கேட்காதீர்கள்.

தேநீர்க்கடை: 2021-லேயே முடிந்த கதை என்றால் 2024-ல் ஏன் மறுபடி பிடித்தார்கள்?

ஏனென்றால் காசு வாங்கி மன்னித்தவர்களுக்கே அவர் இடைஞ்சலாகத் தெரிந்தார். 2023 அக்டோபரில் கம்சி கொல்பாயேவ் என்ற தாதாவைப் பாதுகாப்புப் படை பிஷ்கெக்கில் சுட்டுக் கொன்றது. அதன்பின் அப்போதைய தேசியப் பாதுகாப்புத் துறைத் தலைவர் தாஷியேவின் பார்வை ராயிம் மேல் திரும்பியது. ராயிம் அதற்குள் வெளிநாட்டில். 2024 ஜனவரியில் தேடப்படுபவர் பட்டியல், மார்ச்சில் அஜர்பைஜானின் பாகு நகரில் பிடித்து விமானத்தில் கொண்டுவந்தார்கள். இந்த முறை பணமோசடியோடு ஆள் கடத்தல் குற்றச்சாட்டும். சுங்கக் கணக்குக்காக மட்டும் என்றால் 2021-லேயே பிடித்து வைத்திருக்கலாம்.

ஊர்சுற்றி: துர்க்மெனிஸ்தானிலும் இதே கதைதானே?

மத்திய ஆசியாவின் ஐந்து நாட்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதீர்கள். பத்திரிகைக்காரர்கள் விசாரித்து, ஜனங்கள் தெருவுக்கு வந்து, அதிபர் பதவி இழந்தது கிர்கிஸ்தானில்தான், அதுவும் 2005, 2010, 2020 என்று மூன்று தடவை.

மழைக்காதலன்: 70 கோடியை மீட்டார்களா?

மழைக்காதலன், உங்களுக்கு இன்றைக்கு இதுதான் கடைசி பதில். 70 கோடி அவருடையது அல்ல.

தேநீர்க்கடை: இன்னொன்று. அந்தக் கட்டுரையை எழுதினவர்களுக்கு என்ன ஆயிற்று?

ராயிம் குடும்பத்தைத் துருவிய பத்திரிகையாளர் பொலோத் தெமிரோவை 2020 ஜனவரியில் தெருவில் அடித்தார்கள், 2022 நவம்பரில் மாஸ்கோவுக்கு நாடு கடத்தினார்கள். 2024 ஜனவரியில் அவருடைய 'தெமிரோவ் லைவ்' யூடியூப் சேனலைச் சார்ந்த பதினோரு பேர் கைது, அந்த அக்டோபரில் அவர் மனைவி மகாபத்துக்கு ஆறு வருடம் சிறைத் தண்டனை. கிளூப் அமைப்பைக் கலைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது 2024 பிப்ரவரியில். ராயிமைப் பாகுவிலிருந்து கொண்டுவந்தது அதற்கு அடுத்த மாதம்.