நம் பகுதியில் ஓடும் ஆற்றைக் காப்பாற்ற, குப்பை பொறுக்குவதைத் தவிர பொதுமக்களால் வேறு என்ன செய்ய முடியும்?

மழை பெய்யும்போது குடையை எடுத்துக்கொண்டு போய் ஆற்றைப் பாருங்கள். நான் சொல்லப்போவது எல்லாம் இதிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. வெயில் நாளில் போனால் கண்ணில் படுவது பிளாஸ்டிக் பையும் மிதக்கும் போத்தலும்தான். அந்த ஆற்றுக்கு உண்மையில் என்ன நோய் என்று மழை நாளில்தான் தெரியும்.

நான் மலேசியாவின் பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாமில் இருபது வருடங்களுக்கு மேலாகக் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளியில் அறிவியல் ஆசிரியை. எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் ஒரு சின்ன ஓடை போகிறது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் அது ‘பெரிய லோங்காங்’, அதாவது பெரிய சாக்கடை. அதற்கு மலையில் ஒரு தலை இருக்கிறது, அது சுங்கை ஆயர் ஈத்தாம் என்ற ஆற்றில் சேர்கிறது (மலாயில் சுங்கை என்றால் ஆறு), அந்த ஆறு சுங்கை பினாங்காகி ஜார்ஜ்டவுன் வழியாகக் கடலுக்குப் போகிறது என்பதெல்லாம் எனக்கே வெகு நாள் உறைக்கவில்லை. லோங்காங் என்று கூப்பிட்டுப் பழகிவிட்டால் அதை ஆறாக நினைக்க மனம் வருவதில்லை.

மூன்று வருடம் மாதாமாதம் கோத்தோங் ரோயோங், அதாவது எல்லாரும் கூடிச் செய்யும் துப்புரவு வேலை, போட்டோம். பிள்ளைகள், பெற்றோர், மேல்மாடி சீன அங்கிள், கீழ்வீட்டு மலாய் மக்சிக் (அத்தை) என்று எல்லாரும் வருவார்கள். கறுப்புப் பைகளில் குப்பை நிறையும், படம் எடுப்போம், கடைசியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுக் கலைவோம். அந்த நட்பு இன்றைக்கும் உதவுகிறது. தண்ணீரின் நாற்றம் மட்டும் துளியும் குறையவில்லை.

ஒருநாள் எங்களோடு வந்த நீர்த் தன்னார்வலர் ஒருவர், “டீச்சர், குப்பையை விடுங்க. கல்லைப் புரட்டிப் பாருங்க” என்றார். ஓடையின் கீழ்ப்பகுதியில் கல்லைப் புரட்டினால் அடியில் சிவப்பாக நெளியும் புழுக்கள் மட்டும்தான். உயிர்வாயு அற்றுப்போன சேற்றிலும் பிழைத்துக்கொள்ளும் ரகம் அது. பிறகு எங்களை மேலே, வீடுகள் முடிந்து மரங்கள் தொடங்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புரட்டிய கல்லில் வாலில் மூன்று இழைகளோடு தட்டையான சின்னப் பூச்சிகள் ஒட்டியிருந்தன. மேஃபிளை என்ற பூச்சியின் இளம் பருவம். தண்ணீர் கெட்டால் முதலில் காணாமல் போகிறவற்றில் அதுவும் ஒன்று. இரண்டு இடத்துக்கும் நடுவே அரை மணி நேர நடைதான். அந்த அரை மணிக்குள் எங்கேயோ ஆறு செத்துப்போகிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதுதான் எங்கள் வேலை என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

மீன் துள்ளுவதைப் பார்த்து ஆறு சுத்தமாகிவிட்டது என்று பலர் சந்தோஷப்படுகிறார்கள். தயவுசெய்து அது என்ன மீன் என்று பாருங்கள். இக்கான் பண்டாரயா என்று நாம் சொல்லும், பாறையில் வாயை ஒட்டிக்கொண்டு கிடக்கும் கறுப்பு மீனும் திலாப்பியாவும் சாக்கடை போன்ற தண்ணீரிலும் பெருகும். இரண்டுமே நம் ஊர் மீன்கள் இல்லை.

2009 ஆகஸ்ட் 8ஆம் தேதி பினாங்கில் பத்து லட்சத்துக்கும் அதிகமான மண் உருண்டைகளை, நுண்ணுயிர் கலந்து உருட்டி, தண்ணீரைச் சுத்தமாக்கும் என்று ஆற்றிலும் கடலிலும் போட்டார்கள். என் மாணவர்களும் உருட்டினார்கள், நானும் உருட்டினேன். அந்த ஆர்வத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அன்றைக்கு முதல்முறையாக ஆற்றங்கரையில் நின்ற பிள்ளைகள் நிறையப் பேர். ஆனால் மேலேயிருந்து எண்ணெயும் சோப்பும் மண்ணும் இறங்கிக்கொண்டே இருக்கும்போது கீழே எதைப் போட்டாலும் நிலைக்காது. வருகிறதை நிறுத்த வேண்டும்.

எங்கள் ஓடைக்கு என்ன வருகிறது? இரண்டு பொருள்கள்தான். கொழுப்பும் மண்ணும்.

கொழுப்பு சாப்பாட்டுக் கடைகளிலிருந்து வருகிறது. பழைய கடைவீடுகள் பலவற்றில் கழிவறைத் தண்ணீர் தனியாகப் போகிறது, சமையல்கட்டுத் தண்ணீரோ நேராக லோங்காங்கில் விழுகிறது. கறிச் சட்டி கழுவிய நீர், பொரித்த எண்ணெய், சோற்றுப் பருக்கை எல்லாம் சேர்ந்துதான். இதைத் தின்று செரிக்கும் நுண்ணுயிர்கள் தண்ணீரில் இருக்கும் உயிர்வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அந்தச் சிவப்புப் புழுக்களைத் தவிர வேறு எதுவும் மிஞ்சாததற்கு இதுதான் காரணம்.

எங்கள் தெருமுனைக் கடை அண்ணனிடம் பேசப் போனேன். முதல் நாள் அவர் முகமே கொடுக்கவில்லை. இரண்டாம் முறை கடை ஓய்ந்திருந்த மூன்று மணிக்குப் போய் ஒரு தே (தேநீர்) சொல்லி உட்கார்ந்தேன்.

“அண்ணே, உங்க எண்ணெய்ப் பொறிய கடைசியா எப்ப திறந்தீங்க?”

“அது இருக்கு டீச்சர். போட்டுத்தானே லைசன்ஸ் குடுத்தாங்க.”

“திறந்து பாக்கலாமா?”

திறந்தோம். கழுவிய நீரிலிருந்து கொழுப்பைப் பிடித்து வைக்கும் தொட்டி அது. மேலே ஒரு சாண் கனத்துக்குக் கொழுப்பு கட்டியாக உறைந்து கிடந்தது. வரும் தண்ணீர் அதன் மேலேயே வழிந்து வெளியே போய்க்கொண்டிருந்தது. பொறி இருந்தும் இல்லாத மாதிரிதான். அவரைக் குற்றம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாரத்துக்கு ஒருமுறை அதை வாரி எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. பொரித்த எண்ணெயைக் காசு கொடுத்து வாங்கிப்போக ஆள் இருக்கிறது என்பதும் தெரியாது. இப்போது திங்கள்கிழமைதோறும் வாருகிறார். பக்கத்துக் கடைக்காரரிடம் நான் பேசியதைவிட அவர் பேசியதுதான் எடுபட்டது. வரிசையில் இருக்கும் ஏழு கடைகளில் நான்கு மாறியிருக்கின்றன. மூன்று இன்னும் மாறவில்லை.

மண் வேறு கதை. கொடிமலை, அதாவது எங்களுக்கு மேலே நிற்கும் பினாங்கு மலை, கருங்கல் மலை. அந்தக் கல் உளுத்துப்போய் மேலே கனமான, மணல் கலந்த மண்ணாகப் படிந்திருக்கிறது. காடு இருக்கும்வரை இலைச் சருகும் வேரும் அதைப் பிடித்து வைத்திருக்கும், மழை மெல்ல உள்ளே இறங்கும். மழை நின்று பல நாள் கழித்தும் ஓடையில் தண்ணீர் வருவது அப்படி இறங்கிய நீரால்தான். காட்டை வழித்துவிட்டுச் சரிவை வெட்டினால் அதே மழை அரை மணியில் மண்ணை வாரிக்கொண்டு கீழே வந்துவிடுகிறது. ஆறு பால் கலந்த தே தாரிக் நிறத்துக்கு மாறுகிறது. மண் ஆற்றின் அடியில் படிந்து மட்டத்தை உயர்த்துகிறது. அடுத்த பெருமழை கடல் ஏற்றத்தின்போது வந்துவிட்டால் தண்ணீருக்குப் போக்கிடம் கிடையாது, வீட்டுக்குள் வரும்.

2017 நவம்பர் 4, 5 தேதிகளை பினாங்கில் யாரும் மறக்கவில்லை. ஒரு மாதத்துக்குரிய மழைக்கும் மேல் ஓர் இரவில் கொட்டியது. மாநிலத்தில் ஏழு பேர் இறந்தார்கள், கொடிமலைச் சாலை பல இடங்களில் சரிந்தது. அன்றைக்கு எங்கள் கீழ்மாடி வீடுகளில் இடுப்பளவு தண்ணீர். மழை அசாதாரணமானது என்பது உண்மை. அது வந்து விழுந்த மலையின் நிலைமையைப் பற்றியும் பேசியாக வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை.

இந்த எச்சரிக்கை ஒன்றும் புதிதில்லை. ஜார்ஜ்டவுன் உயர் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்ற வழக்கறிஞருக்கு ஒரு நினைவுச் சின்னம் இருக்கிறது. பினாங்கு மலைக்காடுகளை இப்படியே அழித்துக்கொண்டு போனால் தீவின் தட்பவெப்பம் என்னவாகும் என்று அவர் 1848லேயே எழுதினார். இப்போது பினாங்கில் கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு மேலே இருக்கும் நிலமும், 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலமும் மலைநிலம் என்று கணக்கு, அங்கே கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ‘சிறப்புத் திட்டம்’ என்ற விதிவிலக்கும் உண்டு. அதனால் உங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் நிலம் எத்தனை மீட்டரில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓர் எண் கூட்டத்தில் பேசும்போது உங்களுக்குப் பெரிய பலம்.

மக்கள் சேர்ந்து நின்றால் மலை தப்பும் என்பதற்கும் இதே ஊரில் சான்று இருக்கிறது. 1990ல் கொடிமலையில் ஹோட்டல்களும் கேளிக்கைப் பூங்காவும் கட்ட ஒரு பெரிய திட்டம் வந்தது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் உள்பட பல அமைப்புகள் ‘கொடிமலை நண்பர்கள்’ என்று ஒன்றுசேர்ந்து ஆயிரக்கணக்கில் கையெழுத்துத் திரட்டின. திட்டம் நடக்கவில்லை. அந்தச் சங்கத்தைப் பல பத்தாண்டுகள் தலைவராக நடத்திய எஸ்.எம். முகமது இத்ரீஸ் தமிழ்நாட்டில் பிறந்து இங்கே வந்தவர், 2019ல் காலமானார். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் பெயரை ஒவ்வொரு வருடமும் சொல்கிறேன். 2021ல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்ததே, அன்றைக்கு அந்தக் கையெழுத்துகள் விழாமல் போயிருந்தால் அறிவிக்க என்ன மிஞ்சியிருக்கும்?

எங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு மழை நாளில் ஓடையை ஒட்டி மேலே நடந்தோம். இரண்டு கிளை சேரும் இடத்தில் இடது பக்கத் தண்ணீர் தெளிவாக இருந்தது, வலது பக்கம் காவி நிறம். வலது பக்கமாகவே ஏறினோம். ஒரு சரிவில் பழமரங்களை வெட்டி, மண்ணைத் திறந்துபோட்டு, தார்ப்பாய்கூட மூடாமல் விட்டிருந்தார்கள். புகார் கொடுத்தோம். பதில் இல்லை. மறுபடியும் கொடுத்தோம், ‘ஆய்வு செய்யப்பட்டது, குறை இல்லை’ என்று பதில் வந்தது. ஆய்வுக்கு வந்தவர்கள் வெயில் நாளில் வந்திருக்கிறார்கள்.

மூன்றாவது முறை வேறு மாதிரி செய்தோம். எட்டு வாரம், ஒரே இடத்தில் நின்று, ஒரே கோணத்தில் படம். தேதி, நேரம், மழை எப்போது தொடங்கியது, எப்போது நின்றது எல்லாம் எழுதினோம். நீளமான கண்ணாடிக் குழாயின் அடியில் கறுப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, ஆற்று நீரை ஊற்றிக்கொண்டே போய், குறி மறையும்போது எத்தனை சென்டிமீட்டர் என்று பிள்ளைகள் அளந்தார்கள். இடது கிளையில் குழாய் நிறைந்தும் குறி தெரிந்தது. வலது கிளையில் விரல் நீளத்திலேயே மறைந்துவிட்டது. இந்தப் பட்டியலை சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்தில் நேரில் வைத்தோம். அடுத்த மாதத்தில் சரிவுக்குத் தார்ப்பாய், கீழே மண் தேங்கும் குட்டை, ஓரத்தில் மணல் மூட்டை எல்லாம் வந்தன. காடு திரும்பி வரவில்லை. ஆனாலும் அந்தக் குட்டையில் தேங்கும் மண் எங்கள் ஓடைக்கு வராத மண்.

தனியாகச் செய்ய வேண்டாம் என்று மட்டும் சொல்வேன். வாட்டர் வாட்ச் பினாங்கு என்ற தன்னார்வ அமைப்பு 1997லிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது, கற்றுக்கொள்ள அங்கே நிறைய இருக்கிறது. ஓடையில் இறங்கும்போது இருவராவது இருக்க வேண்டும், மேலே இடி கேட்டால் உடனே கரையேற வேண்டும். வேலி போட்ட இடத்துக்குள் போகக் கூடாது.

நம்மவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். தைப்பூசத்துக்கு நாம் ஏறும் மலையின் பெயரே தண்ணீர்மலை. பக்கத்தில் அருவி, அருவியிலிருந்து சுங்கை ஆயர் தெர்ஜுன். 19ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீர் போனது அந்த அருவியிலிருந்துதான். அந்த ஆறும் கடைசியில் சுங்கை பினாங்கில்தான் சேருகிறது. முருகனுக்குக் காவடி எடுக்கும் சாலையில், தண்ணீர்ப் பந்தலின் பின்பக்கம் அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீரை எங்கே கொட்டுகிறோம்? எங்கள் பந்தலில் நான்கு வருடமாக ஒரு தோம்பு (பீப்பாய்) வைத்து எண்ணெயைத் தனியாகப் பிடிக்கிறோம். வாழையிலை, பாக்குமட்டைத் தட்டு மட்டும்தான். என் மாமியார் முதலில் சடைத்துக்கொண்டார். இப்போது தோம்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, யாரும் லோங்காங் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான்.

நம் வீட்டுக் குழாய்க்கு வரும் தண்ணீர் பற்றியும் கேட்கிறீர்கள் என்றால், பினாங்கின் குடிநீரில் எண்பது விழுக்காட்டுக்கும் மேல் சுங்கை மூடாவிலிருந்து வருகிறது. அதன் தலை பக்கத்து மாநிலமான கெடாவில், உலு மூடா காட்டில் இருக்கிறது. அங்கே மரம் வெட்டினால் தடுக்கும் அதிகாரம் பினாங்கு மாநிலத்துக்குக் கிடையாது. எங்கள் எட்டு வாரப் பட்டியல் அங்கே செல்லாது. இந்தக் கவலையை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. கெடாவில், சிக், பாலிங் பக்கம் இருக்கும் தமிழர்கள் யாராவது இதைப் படித்தால், அங்கே ஆற்று நீர் மழைக்குப் பின் எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

மற்றவர்கள், உங்கள் லோங்காங் எந்த ஆற்றில் சேருகிறது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டுக் கருத்தில் சொல்லுங்கள். பினாங்குத் தீவுக்குள் என்றால், சனிக்கிழமை காலையில் கூட நடக்க நானும் வருவேன். அளக்கும் குழாய் என்னிடம் இருக்கிறது.