பாய்க்கு ஒரு உயரம், மெத்தைக்கு ஒரு உயரம்

கேள்வி: நான் ஒருக்களித்துப் படுப்பவள். பல வருஷமாக இலவம்பஞ்சுத் தலையணைதான். அது சப்பையாகிவிட்டது என்று மகன் மெமரி ஃபோம் தலையணை வாங்கிக் கொடுத்தான். மெத்தையில் படுத்தால் தொந்தரவு இல்லை. சித்திரை வெயிலுக்குக் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தால் காலையில் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. என் கணவர் மல்லாந்து படுப்பவர். இரண்டு தலையணை வைத்துக்கொண்டு குறட்டை விடுகிறார். எங்களுக்கு எந்தத் தலையணை சரியாக இருக்கும்? (வாசகி, மன்னார்குடி)

பதில்: மெத்தையில் வலிக்காத அதே தலையணை பாயில் வலிக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கோளாறு உயரத்தில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் தலைக்கும் படுக்கைக்கும் நடுவே, தோள் உடம்பைத் தூக்கி நிறுத்துவதால், ஓர் இடைவெளி விழும். அதை அடைக்கத்தான் தலையணை. மெத்தையில் தோள் ஒன்றரை, இரண்டு அங்குலம் அமுங்கிவிடுவதால் இடைவெளி சின்னதாகிவிடும். கோரைப்பாய்க்கு அடியில் இருப்பது தரை. அங்கே தோள் எங்கே அமுங்கும்? தலை மட்டும் கீழே சரிந்து, மேல்பக்கத்துக் கழுத்துத் தசை ராத்திரி முழுக்க இழுபட்டுக் கிடக்கிறது.

இதோடு வெயிலும் சேர்ந்துகொள்கிறது. மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். அதன் குணமே அதுதான். ஏசி அறையில் 4 அங்குலத்துக்குத் தலையைத் தாங்கும் ஃபோம், சித்திரை மாதக் கூடத்தில் இன்னும் கீழே இறங்கும். அதாவது, கூடுதல் உயரம் வேண்டிய இடத்தில் உங்களுக்குக் குறைந்த உயரம் கிடைக்கிறது.

எதையும் வாங்கும் முன் உங்கள் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். கடையில் தோள் அளவைக் கேட்டு எடுத்துக் கொடுப்பவர்கள் குறைவு. வழக்கமாகப் படுக்கும் பாயிலேயே ஒருக்களித்துப் படுங்கள். தலைக்கடியில் குளியல் துண்டுகளை நாலாக மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். தோள் துண்டின்மேல் ஏறக்கூடாது. தலையும் கழுத்தும் மட்டும்தான். வீட்டில் ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே தரைமட்டத்தில் செல்போனை வைத்து ஒரு படம் எடுக்கட்டும். மூக்கு நுனி, மோவாய், நெஞ்செலும்பின் நடு மூன்றும் தரைக்கு இணையான ஒரே கோட்டில் வரவேண்டும். மூக்கு தரைப்பக்கம் சரிந்தால் ஒரு மடிப்பு கூட்டுங்கள், மேலே தூக்கினால் ஒன்றை உருவுங்கள். சரியாக வந்ததும், தலையை எடுக்காமலே காதுக்குக் கீழே ஸ்கேலை நிறுத்தித் துண்டின் உயரத்தைப் பாருங்கள். அதுதான் பாய்க்கான அளவு. மெத்தையிலும் இதேபோல் ஒருமுறை எடுங்கள். இரண்டுக்கும் ஓர் அங்குலமாவது வித்தியாசம் இருக்கும். நடுத்தர உடல்வாகு உள்ளவர்களுக்கு ஒருக்களித்த நிலையில் 4 முதல் 5½ அங்குலம் வரை வரும். மல்லாந்து படுத்தால் 3 அங்குலத்தை ஒட்டி. குப்புறப் படுத்தால் 2 அங்குலத்துக்கும் கீழே.

கடையில் அட்டையில் போட்டிருக்கும் உயரத்தை நம்ப வேண்டாம். அது தலை வைக்காத உயரம். மனிதத் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை இருக்கும். வீட்டில் இருக்கும் தலையணையைச் சோதிக்க, ஒரு மஞ்சப்பையில் 5 கிலோ அரிசி போட்டு வாயைச் சுருட்டிக் கட்டி, தலையணையின் நடுவில் வைத்து 10 நிமிஷம் கழித்து அளந்து பாருங்கள். பார்ப்பதற்கு 6 அங்குலம் உப்பி நிற்கும் பாலியஸ்டர் பஞ்சுத் தலையணை பாதிக்கும் கீழே போய்விடுவது உண்டு. கடைக்கு அரிசிப் பையோடு போக முடியாது, சரி. ஆனால் 5 நிமிஷம் படுத்துப் பார்க்கலாம். படுக்க விடாத கடையில் தலையணை வாங்காதீர்கள்.

உங்களுக்கு எங்கள் சிபாரிசு: பழைய இலவம்பஞ்சுத் தலையணையையே பாய் உயரத்துக்குத் திருப்பி அடைத்துக்கொள்ளுங்கள். ஃபோம் மெத்தையோடு இருக்கட்டும்.

இலவம் இழை உள்ளே வெறும் குழல், காற்று நிறைந்தது. மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் ஈரத்தை லேசில் உறிஞ்சாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் பிடரி வேகாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்தக் குழல்கள் நாளாக ஆக நசுங்கும். தலையணை சப்பையாவது அதனால்தான். வெயிலில் போட்டு உதறினால் கொஞ்சம் எழும்பும், முழுசாக எழும்பாது. அப்போது உறையின் ஓரத்தைப் பிரித்து, கட்டிகளை விரலால் பிய்த்து உதிர்த்துவிட்டுப் புதுப் பஞ்சைச் சேர்க்க வேண்டும். 16 அங்குலத்துக்கு 24 அங்குலத் தலையணைக்குச் சாதாரணமாக ஒரு கிலோவை ஒட்டிப் பஞ்சு போகும். உங்களுடையதில் 100 கிராம் சேர்த்து இரண்டு ராத்திரி படுத்துப் பாருங்கள், போதாவிட்டால் இன்னொரு 100. ஒரேயடியாகத் திணித்தால் தலையணை உருளைக் கல்லாகிவிடும். தலை அதன்மேல் நிற்காமல் உருளும். ஓரத்தைத் தைத்து மூடாமல் ஜிப் வைத்துக்கொண்டால் அடுத்த தடவை வேலை மிச்சம். அடைக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இழை இறகைவிட லேசு. விசிறி ஓடினால் வீடு முழுக்கப் பறக்கும், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு வரலாம்.

பஞ்சு வாங்கும்போதுதான் ஏமாறுவது. மில் கழிவுப் பருத்தியைக் கலந்து விற்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து முறுக்குங்கள். பருத்தி இழை திரியாகத் திரளும். இலவம் திரளாது, வழுக்கி, நொறுங்கிப் பிரியும். நூல் நூற்க முடியாத பஞ்சு அது. நிறம் லேசான மஞ்சள், பட்டு மாதிரி மினுக்கும். உள்ளே கையை விட்டுத் துழாவி, விதையும் காய்த்தோலும் நெருடுகிறதா என்றும் பாருங்கள். விதை கிடந்தால் எடைக்கு நஷ்டம், எலிக்கு விருந்து. காய் வெடிப்பது கோடையில் என்பதால் (கிளி காத்திருந்து ஏமாந்ததும் இந்தக் காய்க்குத்தான்) புதுச் சரக்கு வருவதும் அதை ஒட்டித்தான். தேனி மாவட்டம் போடிப் பக்கத்துப் பஞ்சுக்குப் பெயர் உண்டு.

இலவம் தலையணையைத் துவைக்கக் கூடாது. உறையை மட்டும் வாரம் ஒருமுறை வெந்நீரில் துவையுங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் மேலுறைக்குள் இன்னொரு மெல்லிய உறை போட்டுக்கொண்டால் பஞ்சு பிசுக்கேறாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு முன்னால், புரட்டாசி வெயிலில் காலை 10 மணியிலிருந்து மூன்று மணி நேரம் காயவைத்து, நடுவில் ஒருமுறை புரட்டிப் போட்டு, சூடு ஆறியபின் உள்ளே எடுங்கள். மழை மாதங்களில் ஓதம் ஏறிய சுவரை ஒட்டிப் படுக்கையை அடுக்கக் கூடாது. ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள்: இலவம்பஞ்சு சட்டென்று தீப்பிடிக்கும். கொசுவர்த்திச் சுருளைத் தலைமாட்டில் வைக்காதீர்கள். மெமரி ஃபோமையும் ரப்பர் லேட்டக்ஸ் தலையணையையும் வெயிலில் போடவே கூடாது. லேட்டக்ஸ் மஞ்சளாகி மாவு மாதிரி உதிரும். நிழலில் காற்றாட வைத்தால் போதும்.

இனி உங்கள் கணவர். மல்லாந்து படுப்பவருக்கு இரண்டு தலையணை அதிகம். மோவாய் நெஞ்சில் இடித்து, தொண்டையின் காற்றுவழி குறுகும். குறட்டைக்கு அதுவும் ஒரு காரணம். தலை வைத்தபின் 3 அங்குல உயரம் நிற்கும் ஒரே தலையணை கொடுங்கள். பிடரிப் பள்ளம் காலியாக இருந்தால், ஒரு சின்னத் துண்டை 2 அங்குலக் கனத்துக்குச் சுருட்டி, உறைக்குள்ளேயே தோள் பக்க ஓரத்தில் செருகிவிடுங்கள். ஒருக்களித்துப் படுக்கப் பழகினால் குறட்டை இன்னும் குறையலாம். அப்போது அவருக்கும் துண்டு வைத்துத் தனியாக அளந்தாக வேண்டும். நெஞ்செரிச்சலுக்காக இரண்டு தலையணை வைத்திருந்தார் என்றால், தலையை மட்டும் தூக்குவதில் பலன் இல்லை. இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல மரக்கட்டை கொடுத்துக் கட்டிலையே சாய்க்க வேண்டும். குறட்டைக்கு நடுவில் மூச்சு நின்று திணறி விழிக்கிறார், பகலில் உட்கார்ந்தபடியே தூங்குகிறார் என்றால் அது தலையணைச் சமாச்சாரமே இல்லை, டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

உங்களுக்கும் அதே எச்சரிக்கை. வலி தோளைத் தாண்டிக் கைக்கு இறங்கினாலோ, விரல் மரத்தாலோ, பிடித்த டம்ளர் நழுவினாலோ தலையணையை மாற்றிப் பார்த்து நாளைக் கடத்தாதீர்கள். அப்படி எதுவும் இல்லையென்றால் புது உயரத்துக்கு ஒரு வாரம், பத்து நாள் அவகாசம் கொடுங்கள்; முதல் இரண்டு ராத்திரி யாருக்கும் புதுசாகத்தான் இருக்கும்.

வீட்டில் பேரப்பிள்ளை இருந்தால், ஒரு வயது முடியும்வரை எந்தத் தலையணையும் வேண்டாம், தலை உருண்டையாக வரும் என்று வைக்கும் கடுகுத் தலையணை உட்பட.

வேறு சப்பைத் தலையணை ஏதாவது பரணில் கிடந்தால் தூக்கிப் போடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்கும்போது இரண்டு முழங்காலுக்கும் நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பைத் திருகுவது நின்றுவிடும். அதற்கு அந்தச் சப்பை உயரமே போதும்.