பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டா, 2670 கோடி ஆண்டா? விஞ்ஞானிகளுக்கே உறுதியாகத் தெரியாதா?

அநேகமாக அந்த யூடியூப் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறீர்கள். "பெருவெடிப்பு பொய்! வயது டபுள்!" என்று சிவப்பு எழுத்தில் வந்ததே, அதுதான். பரவாயில்லை, கேட்கவாவது தோன்றியதே. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

பதில் 1380 கோடி. சண்டை இருப்பது உண்மை. ஆனால் அது வேறு இடத்தில் நடக்கிறது.

நான் கடலூரில் ஒரு தனியார் மெட்ரிக் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் எடுக்கிறேன். எம்.எஸ்சி., பி.எட். விண்ணியல் ஆராய்ச்சியாளர் இல்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. "இவங்க பெரிய நாசா" என்று கமென்ட் போட வருபவர்கள் தாராளமாகப் போடலாம்.

போன வருட அறிவியல் கண்காட்சிக்கு என் பிளஸ் ஒன் பெண்கள் பிரபஞ்சத்தின் வயது பற்றி ஒரு சார்ட் செய்திருந்தார்கள். நடுவில் பெரிதாக 1380 கோடி, பக்கத்திலேயே சின்னதாக "கூடுதல் குறைவு 2 கோடி". பிளாங்க் செயற்கைக்கோள் அளவீட்டில் வந்த எண் அது. பெருவெடிப்பின் மிச்ச வெப்பமாக வானம் முழுக்கப் பரவியிருக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சை அளந்து 2018-இல் வெளியிட்டார்கள். சிறப்பு விருந்தினராக வந்தவர் ஊரில் பெரிய மனிதர். சார்ட்டைப் பார்த்ததும் போனை எடுத்தார். "என்ன மேடம், இப்ப 2670 கோடின்னு கண்டுபிடிச்சிட்டாங்களே, நீங்க இன்னும் அப்டேட் ஆகலையா?" கூட வந்த தாளாளர் சிரித்தார். உடனே சுற்றியிருந்த எல்லோரும் சிரித்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சார்ட் பக்கத்தில் நின்ற பெண் கேட்டுவிட்டாள்: "சார், அப்படின்னா அந்த எக்ஸ்ட்ரா 1290 கோடி வருஷத்துல பொறந்த நட்சத்திரமெல்லாம் எங்க சார்?"

இதைவிட நல்ல கேள்வியை நானே கேட்டிருக்க முடியாது. கொஞ்சம் விளக்குகிறேன். 2670 என்ற எண் 2023-இல் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்து ராஜேந்திர குப்தா வெளியிட்ட கட்டுரையில் வந்தது. வீடியோக்காரர்கள் கட்டிவிட்ட கதை இல்லை, முறையான ஆய்விதழில் வந்த கட்டுரைதான். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி, பிரபஞ்சம் பிறந்து 30, 40 கோடி ஆண்டுக்குள்ளேயே எதிர்பார்த்ததை விடப் பிரகாசமான விண்மீன் மண்டலங்களைக் காட்டியது. இவை வளர நேரம் போதவில்லையே என்று அவர் காலத்தை நீட்டிப் பார்த்தார். அதற்காக, ஒளி நெடுந்தூரம் வரும் வழியில் களைத்துச் சக்தி இழக்கிறது என்று 1929-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி சொன்ன பழைய யோசனையைத் தூசு தட்டி எடுத்தார். ஒளியின் வேகம் போன்ற, மாறாதவை என்று நாம் எடுத்துக்கொள்ளும் இயற்கையின் மாறிலிகளும் காலப்போக்கில் மாறும் என்று கூடவே சேர்த்துக்கொண்டார். ஒரு கட்டுரை. பெரும்பாலானோர் ஏற்கவில்லை. நம் பால்வீதி மண்டலத்தில் மிகப் பழைய நட்சத்திரக் கொத்துகளின் வயதைத் தனி வழியில் கணக்கிட்டால் 1200, 1300 கோடி வாக்கில் நின்றுவிடுகிறது. 2000 கோடி வயதுள்ள நட்சத்திரம் ஒன்றாவது கண்ணில் பட வேண்டாமா?

"எச்டி 140283-ங்கிற நட்சத்திரத்துக்கு 1446 கோடி வயசாமே" என்று யாராவது கிளம்புவீர்கள். 2013-இல் அப்படித்தான் வந்தது. கூடவே "80 கோடி கூடலாம், குறையலாம்" என்றும் இருந்தது. குறைத்துப் பாருங்கள், 1366. செய்தி போட்டவர்கள் அந்த 80-ஐ வசதியாக விட்டுவிட்டார்கள்.

உண்மையான சண்டை ஹபிள் மாறிலியில். பிரபஞ்சம் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதற்கான எண் அது; ஒவ்வொரு மெகாபார்செக் (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) தூரத்துக்கும் நொடிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகம் கூடுகிறது என்று சொல்லும். பிளாங்க் வழியில் 67.4 வருகிறது. விண்ணியலாளர் ஆடம் ரீஸ் குழுவினர், பிரகாசம் கூடிக் குறையும் செஃபீட் விண்மீன்களையும் வெடிக்கும் நட்சத்திரங்களையும் வைத்து அளந்தால் 73. வெண்டி ஃப்ரீட்மன் குழு சிவப்புப் பூத நட்சத்திரங்களை வைத்து 2019-இல் சொன்னது 69.8. வகுப்பில் நான் சொல்லும் குறுக்குவழி: 978-ஐ இந்த எண்ணால் வகுத்தால் வயது தோராயமாக நூறு கோடிக் கணக்கில் வரும். 67.4-க்கு 14.5. ஈர்ப்பு விரிவை மெதுவாக்கியதையும் பிறகு கரும் ஆற்றல் வேகப்படுத்தியதையும் சேர்த்தால் 13.8 ஆகிறது. மற்றதை மாற்றாமல் 73 போட்டால் 1270 கோடிப் பக்கம் இறங்கும். கவனியுங்கள், இந்தச் சண்டையில் 73 ஜெயித்தால் வயது குறையும். இரட்டிப்பாகாது.

இதைவிட மோசமான காலமெல்லாம் இருந்திருக்கிறது. 1929-இல் விண்ணியலாளர் எட்வின் ஹபிள் அளந்த மாறிலி சுமார் 500. வகுத்தால் 200 கோடி. பூமியின் பாறைகளே அதைவிடப் பழையவை! 1952-இல் வால்டர் பாடே, செஃபீட்களில் இரண்டு வகை உண்டு என்று காட்டிய பிறகுதான் தூரங்கள் இரட்டிப்பாகி, வயதும் கூடியது.

எல்லாம் தூரத்தை அளப்பதில் இருக்கும் சிக்கல்தான். சூரியன் எவ்வளவு தூரம் என்று அளக்கவே பட்ட பாட்டுக்குப் பக்கத்துப் புதுச்சேரி சாட்சி. வெள்ளிக் கோள் சூரியனுக்கு முன்னால் கடப்பதைப் பல இடங்களிலிருந்து அளந்தால் அந்தத் தூரம் தெரியும்; அதைப் பார்க்க 1761-இல் லெ ஜாந்தீ என்ற பிரெஞ்சுக்காரர் கப்பலில் வந்தார். ஊர் ஆங்கிலேயர் கையில் போயிருந்ததால் இறங்க முடியவில்லை. ஆடும் கப்பலில் அளந்து பிரயோஜனமில்லை. எட்டு வருடம் காத்திருந்து, 1769 ஜூன் 4 காலையில் புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றார். மேகம் மறைத்துவிட்டது. ஊர் திரும்பினால், செத்துவிட்டார் என்று சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்களாம். கடற்கரைச் சாலையில் செல்பி எடுக்கும் யாருக்காவது இது தெரியுமா?

யுகக் கணக்கு சொல்ல வருபவர்களுக்கு: பிரம்மாவின் ஒரு பகல் 432 கோடி ஆண்டு என்பது எனக்கும் தெரியும். என் பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவள்தான். அது வேறு கணக்கு, அதைக் கேலி செய்ய நான் வரவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு விருந்தினர் பதில் சொல்லவில்லை, கைதட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். மாலையில் எனக்கு ஆபீஸ் ரூமிலிருந்து அழைப்பு. "கெஸ்ட் கிட்ட பிள்ளைங்கள வாயாட விடறீங்க." மறுநாள் சார்ட் சுவரில் இல்லை. இதே நிர்வாகம்தான் மே மாதச் சம்பளம் தராமல், அதே மே வெயிலில் அட்மிஷனுக்கு ஆள் பிடிக்க எங்களைத் தெருத் தெருவாக அனுப்புகிறது. கடலூர் செம்மண்டலம் பகுதியில் ஒரு வீட்டில் "மார்க்கெட்டிங்கா? வேண்டாம்மா" என்று கதவைச் சாத்தினார்கள். வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சான்றிதழ்களை இன்னும் தரவில்லை. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், தெரியும். பிரபஞ்சத்தின் வயதை யார் சொல்லிக்கொடுக்கிறார்கள், எந்த நிலைமையில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பதையும் நாலு பேர் படிக்கட்டும்.

நீங்கள் மாணவர் என்றால் பரீட்சையில் 1380 கோடி, அதாவது 13.8 பில்லியன் என்று எழுதுங்கள். போட்டித் தேர்வுக்கும் அதுவே. 67, 73 கணக்கில் சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், ஞாயிற்றுக்கிழமை பதில் போடுகிறேன்.