விக்கியில் முதலில் யார் எழுதுவது?

கேள்வி: டர்பன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் சுங்க கிளியரிங் அலுவலகம் நடத்துகிறேன். பன்னிரண்டு பேர். எல்லா வேலையும் தெரிந்த மூத்தவர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார். அவருக்குத் தெரிந்ததை எழுதி வைக்க, எல்லோரும் எழுதித் திருத்தக்கூடிய இணையப் பக்கங்களான விக்கி ஒன்றைத் தொடங்கினோம். மூன்று மாதமாகியும் நான்கு பக்கம்தான் தேறியது. என்ன செய்யலாம்?

பதில்: "தெரிந்ததையெல்லாம் எழுதுங்கள்" என்று அவரிடம் சொல்லியிருப்பீர்கள். சிக்கலே அங்கேதான். கைப்பழக்கமாகிவிட்ட வேலையை உட்கார்ந்து எழுதச் சொன்னால் வராது. யாராவது கேட்டால்தான் நினைவுக்கு வரும். அதனால் கேட்பவரை எழுதச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்ந்த பெண் அவரிடம் போய், "அண்ணா, கன்டெய்னரைச் சோதனைக்கு நிறுத்திட்டாங்க, இப்ப என்ன செய்யணும்?" என்கிறார். இரண்டு நிமிடத்தில் பதில் கிடைக்கிறது. தன் இடத்துக்குத் திரும்பியதும் அந்தப் பெண் விக்கியில் ஆறே வரி எழுதட்டும்: எந்தத் தாள் வேண்டும், யாருக்கு போன் செய்ய வேண்டும், எத்தனை மணிக்குள். மாலையில் மூத்தவர் அதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. "முதலில் இன்வாய்ஸிலும் பேக்கிங் லிஸ்ட்டிலும் எண்ணிக்கை ஒத்துப்போகிறதா பார்" என்று ஒரு வரி சேர்ப்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பாடும்.

அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. வார்ட் கன்னிங்ஹாம் என்ற அமெரிக்க மென்பொருள் நிரலாளர் 1995இல் தொடங்கிய முதல் விக்கிக்கு, ஹொனலுலு விமான நிலையத்தில் ஓடிய 'விக்கி விக்கி' பஸ்ஸின் பெயரைத்தான் வைத்தார். ஹவாய் மொழியில் அதற்குச் சீக்கிரம் என்று பொருள். "தப்பாகிவிடுமோ" என்ற பயம்தான் பலரையும் எழுதவிடாமல் தடுக்கிறது. பழைய வடிவம் அழியாமல் இருக்கும், ஒரு சொடுக்கில் திருப்பிவிடலாம் என்று எல்லோர் முன்னாலும் செய்து காட்டுங்கள். உங்கள் ஒப்புதல் கிடைத்தால்தான் பக்கம் வெளியாகும் என்று வைத்திருந்தால், இன்றே அதை எடுத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப் குழுவில் அதே கேள்வி மறுபடி வந்தால், பதிலைத் தட்டாமல் பக்கத்தின் லிங்கை மட்டும் போடுங்கள். வாடிக்கையாளரின் அடையாள எண், பாஸ்வேர்டு எதுவும் விக்கியில் ஏறக்கூடாது. தனிநபர் தகவல் பாதுகாப்புக்கான தென்னாப்பிரிக்காவின் போப்பியா (POPIA) சட்டம் 2021 ஜூலை முதல் முழுமையாக அமலில் இருக்கிறது. லோட் ஷெடிங் என்னும் மின்வெட்டுக் கவலை இருந்தால் டோகுவிக்கி என்ற விக்கி மென்பொருள் நல்லது. பக்கங்களைச் சாதாரண உரைக் கோப்புகளாகவே வைப்பதால், ஃபோல்டரை அப்படியே லேப்டாப்பில் நகலெடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், அக்டோபரில் அவருக்கு இரண்டு வாரம் விடுமுறை கொடுங்கள். அந்த நாட்களில் அலுவலகத்திலிருந்து அவர் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு போனையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். இன்னும் எழுதாத பக்கங்களின் பட்டியல் அதுதான்.