பழைய ஸ்டேஷன் வேகனை விற்றுவிட்டுப் புது பிக்கப் வாங்கலாமா?

வால்வோ 940 வேகனை (பின்பக்கம் கூரை வரை சாமான் இடமுள்ள நீளமான கார்) கொடுத்துவிட்டு, இரண்டு வரிசை சீட் உள்ள புது டபுள் கேப் பிக்கப் வாங்கினால் சாமான் ஏற்ற வசதிப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வகையையும் ஓட்டியிருக்கிறேன். என்ன சாமான் என்று முதலில் சொல்லுங்கள் என்பதுதான் என் பதில்.

டபுள் கேப்பில் பின்பக்கத் தொட்டி சுமார் ஒன்றரை மீட்டர் நீளம்தான். வேகனில் பின் சீட்டை மடித்தால் அதைவிட நீளமாக, ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கிற அளவுக்கு இடம் கிடைக்கும். மெத்தை, அலமாரிப் பலகை, சின்ன ஏணி எல்லாம் உள்ளே போய்விடும். கதவைச் சாத்தினால் மழையும் இல்லை, திருட்டு பயமும் இல்லை. பிக்கப்பில் அதே சாமான் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். தார்பாய் போடு, கயிறு கட்டு, முனையில் சிவப்புத் துணி கட்டு என்று வேலை வைக்கும். தொட்டியின் தரையும் உயரம்; வாஷிங் மெஷினைத் தூக்கி வைத்துப் பாருங்கள், இடுப்பு சொல்லும்.

எடை என்று வந்தால் போட்டியே கிடையாது. ஹைலக்ஸ், ரேஞ்சர், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்கள் ஒரு டன் அளவுக்குச் சுமக்கும். வேகனுக்கு ஆட்களையும் சேர்த்து அரை டன்தான். மணல், ஜல்லி, சேறு படிந்த சாமான் அடிக்கடி ஏற்றுபவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பிக்கப்தான்.

அடிக்கடி இல்லையென்றால்தான் தொல்லை. பெரும்பாலான பிக்கப்களில் பின்னால் லீஃப் ஸ்பிரிங், அதாவது லாரிகளில் இருப்பது போன்ற அடுக்குப் பட்டை வில். அது ஒரு டன்னைத் தாங்கச் செய்தது என்பதால் காலி வண்டியில் குலுக்கும், ஈரச் சாலையில் பின்பக்கம் எடையில்லாமல் வழுக்கப் பார்க்கும். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே என்பீர்கள். அதைத் தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்கிற வண்டிகளில் காய்ந்த தார்ச்சாலையில் போடக் கூடாது. ஆக, தினமும் ஓட்டுவது உங்கள் 940 போலப் பின்சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டியைத்தான்! வட்டமடித்துத் திருப்புவதற்கும் 940க்கு 10 மீட்டர் அகலத்துக்குள் போதும், பிக்கப்புக்கு 12 மீட்டருக்கு மேல் வேண்டும். டீசல் பிக்கப்பைப் பக்கத்துத் தெருவுக்கே ஓட்டிக்கொண்டிருந்தால் புகைக்கரி வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் நீளமாக ஓட்ட வேண்டும்.

பழைய வண்டி தோற்கிற இடம் பாதுகாப்பு. 940 அந்தக் காலத்துக்கு மிகப் பத்திரமான வண்டி, சரி. ஆனால் சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி அதில் இல்லை, ஜன்னலோரத் திரை ஏர்பேக் இல்லை, தானே பிரேக் போடுவதும் இல்லை. குழந்தைகளோடு இரவில் வேகமாகப் போகிறவர் என்றால் இது சின்ன விஷயமில்லை.

நானாக இருந்தால் எப்போதாவது வரும் கனமான சுமைக்கு வேகனின் பின்னால் ஒரு டிரெய்லரை மாட்டிக்கொள்வேன். மாற்றுவதற்குக் காரணம் பாதுகாப்பு என்றால் பிக்கப் பக்கமே போக மாட்டேன். 2000க்குப் பிறகு வந்த வால்வோ வி70 வேகன்களைத் தேடுவேன். திரை ஏர்பேக் உண்டு, ஈஎஸ்சி இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.